அத்தியாயம் 5: எத்தனை நாள் வகுப்பு?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கு விளம்பரங்களைப் புரட்டினால் இரண்டு மணி நேர அறிமுகம் தொடங்கி ஐந்து நாள் முகாம் வரை கிடைக்கும். புதிதாக வருபவர்களில் பலர் இரண்டில் ஒரு வழியில் போகிறார்கள். சிலர் லைசென்ஸுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் “ஒரேயடியாகக் கற்று முடித்துவிடலாம்” என்று எடுத்த எடுப்பிலேயே பெரிய முகாமுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். முதல் வகையினரின் பெட்டகத்தில் சரியாகக் கையாளத் தெரியாத துப்பாக்கி ஒன்று கிடக்கும். இரண்டாம் வகையினர் நான்காம் நாள் கற்றதை நாற்பதாம் நாள் மறந்திருப்பார்கள்.

இந்த அத்தியாயம் சொல்லும் விதி ஒன்றுதான். வகுப்பு முடிந்த பின் வரும் மூன்று மாதங்களில் உங்களால் எவ்வளவு பழக முடியும் என்று முதலில் பாருங்கள். அந்த அளவுக்குத் தீனி போடும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். வாரம் மூன்று நாள், பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவருக்கு ஐந்து நாள் முகாம் ஒரு நல்ல சுற்றுலா. ஒதுக்க முடிந்தவருக்கு ஒரு நாள் வகுப்பே நெடுந்தூரம் கொண்டுசெல்லும்.

பணம் கட்டும் முன்: விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் இது. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. “வைத்திருப்பது” என்பது வாங்குவதோடு நின்றுவிடாது. சுடுதளத்தில் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதும், நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கி நாலு குண்டு சுடுவதும் அதில் சேரும். சட்டம் சில விலக்குகள் தருகிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் அவற்றுள் அதிகம் பயன்படுவது. ஆனால் கூட்டாட்சி விலக்கு இருந்தாலும் மாநிலச் சட்டம் தனியாகக் குறுக்கே நிற்கலாம்.

கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஊரிலிருந்து பி-2 விசாவில் வந்திருக்கும் அப்பாவையோ மாமனாரையோ “சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்கள்” என்று அழைத்துப் போகாதீர்கள். உங்கள் ஆசை அவருக்குக் கூட்டாட்சிக் குற்றமாக முடியலாம். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். சுடுதளத்துக் கவுன்டரில் நிற்பவரின் பதிலை நம்பிப் போக வேண்டாம்.

மாநிலம் கேட்கும் மணி நேரம்

துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வாங்க ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு அளவு வைத்திருக்கிறது. இலினாய் 16 மணி நேரம் கேட்கிறது. மேரிலாந்தும் 16. கலிபோர்னியா 2024 ஜனவரி முதல் புது விண்ணப்பதாரருக்குக் குறைந்தது 16 மணி நேரம் என்றது. நியூயார்க் 16 மணி நேர வகுப்பறைப் பாடத்தோடு 2 மணி நேரம் சுடுதளத்திலும் நிற்கச் சொல்கிறது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயென் வழக்கில் அந்த மாநிலத்தின் பழைய உரிம முறை செல்லாது என்றது. அதற்குப் பதிலாக வந்த சட்டத்தின் பகுதிதான் இந்த அளவு. மிச்சிகனும் ஒஹையோவும் 8 மணி நேரம் கேட்கின்றன. டெக்சாஸில் 4 முதல் 6 மணி நேரம். யூட்டா உரிமத்துக்கான வகுப்பை ஒரு தோட்டாகூடச் சுடாமலே முடித்துவிடலாம். இதற்கெல்லாம் மேலாக, 2024 முடிவில் 29 மாநிலங்களில் உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்ற நிலை. சட்டம் அடிக்கடி மாறுகிறது. பதிவு செய்யும் வாரத்தில் உங்கள் மாநில அரசின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த எண்களைப் பார்த்து “நியூயார்க்காரர் டெக்சாஸ்காரரைவிட நான்கு மடங்கு நன்றாகச் சுடுவார்” என்று முடிவு கட்டினால் ஏமாறுவோம். உரிம வகுப்பின் பெரும்பகுதி சட்டம்: எங்கே எடுத்துச் செல்லக் கூடாது, காவலர் காரை நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும், உயிர் பறிக்கும் அளவுக்கான பலப்பிரயோகத்தை எப்போது சட்டம் ஏற்கும், பூட்டி வைப்பது எப்படி. எல்லாம் தேவையான பாடம்தான். ஆனால் இலினாயின் 16 மணி நேரத்தில் கட்டாயமாகச் சுட வேண்டியவை 30 தோட்டாக்கள்: 5 கஜம், 7 கஜம், 10 கஜத்திலிருந்து பத்துப் பத்தாக. 70 சதவீதம் இலக்கில் விழுந்தால் தேர்ச்சி. ஓரளவு பழகியவர் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்.

ஆகவே உரிம வகுப்பைத் தனிக் கணக்கில் வையுங்கள். இனி வரும் அளவுகள் எல்லாம் கைப்பழக்கத்துக்கானவை.

நான்கு அளவுகள்

*இரண்டு முதல் நான்கு மணி நேரம்.* துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவருக்கும், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கும் உரியது. பாதுகாப்பு விதிகள், ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் உள்ள வேறுபாடு, தோட்டா இருக்கிறதா என்று பார்க்கும் முறை, பிடி, நிற்கும் நிலை, பார்வைக்குறியை ஒழுங்குபடுத்துவது ஆகியவற்றோடு முடியும். நல்ல பயிற்றுநர் முதலில் பாயின்ட் 22 துப்பாக்கியைத்தான் கொடுப்பார். அதில் சத்தமும் பின்னுதைப்பும் குறைவு, பயம் விலகும். பெரும்பாலும் துப்பாக்கியை அவர்களே கொடுப்பார்கள், உறையும் தேவைப்படாது. நீங்கள் ஒருவர் மட்டும் துப்பாக்கி வைத்திருக்கப் போகிறீர்கள் என்றாலும், வீட்டில் உள்ள பெரியவர்கள், சட்டத் தடை இல்லாதவர்கள் எல்லோரும் இந்த அளவாவது கற்றிருப்பது நல்லது.

*ஒரு நாள், எட்டு மணி நேரம்.* துப்பாக்கி வாங்கியவரின் முதல் உண்மையான வகுப்பு இதுதான். தேசிய ரைஃபிள் சங்கத்தின் அடிப்படை பிஸ்டல் வகுப்பு ஏறத்தாழ இந்த அளவு. விசையை அசங்காமல் இழுப்பதே இதன் மையப்பாடம். வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் கை முந்திக்கொண்டு குழலைக் கீழே அழுத்தும், குண்டும் இலக்குக்குக் கீழே போய் விழும். புதியவர் எல்லோருக்கும் உள்ள வழக்கம் இது. மேகசினில் போலித் தோட்டாக்களைக் கலந்து வைத்தால் அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்: வெடி வராதபோதும் குழல் குனியும். இந்த வழக்கத்தை ஒரே நாளில் போக்க முடியாது. ஆனால் அது தனக்கு இருக்கிறது என்று அறிந்துகொள்ள ஒரு நாள் போதும்.

*இரண்டு நாள், 16 மணி நேரம்.* சனி, ஞாயிறில் நடக்கும் இந்த வகுப்புகள்தான் அமெரிக்கப் பயிற்சி உலகின் முதுகெலும்பு. பெயர்பெற்ற பயிற்றுநர்கள் ஊர் ஊராகப் போய் உள்ளூர்ச் சுடுதளங்களில் நடத்துகிறார்கள். உறையிலிருந்து எடுப்பது, மேகசின் மாற்றுவது, சிக்கிய தோட்டாவை அகற்றுவது, ஒரு கையால் சுடுவது, நேர அளவு வைத்துச் சுடுவது என்று பாடம் போகும். நூற்றுக்கணக்கில் தோட்டா செலவாகும், ஆயிரத்தைத் தொடும் வகுப்புகளும் உண்டு. அடிப்படைப் பாதுகாப்பு விதிகள் யோசிக்காமலே கைக்கு வராத ஒருவர் இங்கே வந்தால் அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

*நான்கு, ஐந்து நாள்.* இந்த வடிவத்துக்கு மூலமாக அமைந்தது அரிசோனாவின் பால்டன் என்ற சிற்றூரில் உள்ள கன்சைட் பயிற்சிப் பள்ளி. அமெரிக்க மரைன் படையில் பணியாற்றிய ஜெஃப் கூப்பர் 1976-இல் அமெரிக்கன் பிஸ்டல் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் அதைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் சொல்லித்தரப்படும் நான்கு பாதுகாப்பு விதிகளை இப்போதைய வடிவில் பரப்பியவர் அவர். அங்குள்ள “250” என்ற ஐந்து நாள் வகுப்புக்கு ஏறத்தாழ ஆயிரம் தோட்டா தேவைப்படும். குறைந்த வெளிச்சத்தில் சுடுவதும், அறை அறையாக நகர்ந்து முடிவெடுக்கும் பயிற்சியும் அதில் உண்டு.

நீண்ட வகுப்பு என்றாலே நிறையச் சுடுவது என்றும் கொள்ள வேண்டாம். பயிற்றுநர் மசாட் அயூப்பின் “மேக் 40” வகுப்பு 40 மணி நேரம். அதில் ஏறத்தாழ பாதி வகுப்பறை: எப்போது சுடலாம், சுட்ட பின் காவல்துறையும் நீதிமன்றமும் என்ன கேட்கும், நடுவர்குழு எதைப் பார்க்கும் என்பதெல்லாம் பாடம். துப்பாக்கியோடு வெளியே நடமாடத் தீர்மானித்தவருக்கு அந்தப் பாதி, மீதிப் பாதியைவிட விலை உயர்ந்தது.

நீளத்துக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

விளம்பரத்தில் “எட்டு மணி நேரம்” என்று போட்டிருந்தால் எட்டு மணி நேரமும் நீங்கள் சுடப் போவதில்லை. காலையில் பாதுகாப்பு உரை, மதியச் சாப்பாடு, மேகசின் நிரப்பும் நேரம், இலக்குத் தாள் ஒட்டும் நேரம் எல்லாம் போகும். மாணவர் அதிகம் என்றால் இரண்டு அணியாகப் பிரிப்பார்கள். ஓர் அணி சுடும்போது மற்றொன்று பின்னால் நிற்கும். இருபது பேருக்கு ஒரு பயிற்றுநர் உள்ள இரண்டு நாள் வகுப்பில் கிடைப்பதைவிட, ஆறு பேருக்கு இரண்டு பயிற்றுநர் உள்ள ஒரு நாள் வகுப்பில் அதிகம் கிடைக்கலாம்.

அடுத்தது உடம்பு. நிரப்பிய கிளாக் 19 ஏறத்தாழ 850 கிராம். ஒரு முறை தூக்கினால் ஒன்றுமில்லை. கையை நீட்டி நாள் முழுதும் தூக்கினால் பிற்பகலில் தோளும் பிடியும் தளரும். தளர்ந்த கையோடு செய்யும் நூறு சுடுதல்கள் தவறான பழக்கத்தைத்தான் நூறு முறை பதிய வைக்கும். நாற்பதைக் கடந்து புரோகிரெஸிவ் கண்ணாடி போடுபவருக்கு இன்னொரு சிக்கல். முன்பார்வைக்குறி தெளிவாகத் தெரியத் தலையை அண்ணாந்தே வைத்திருந்து மாலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். நீண்ட வகுப்புக்கு முன் கண் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

காதும் இரத்தமும்கூடக் கணக்கில் வர வேண்டும். வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டினால் ஒரே வெடியிலும் காது கெடலாம். கைத்துப்பாக்கியின் சத்தம் 160-ஐ ஒட்டி வரும். உள்ளரங்கில் நாள் முழுக்க நடக்கும் வகுப்புக்குக் காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுமூடி என்று இரண்டும் போட வேண்டும். தோட்டாவிலும் அதை வெடிக்கச் செய்யும் பிரைமரிலும் ஈயம் உண்டு. காற்றோட்டம் குறைந்த உள்ளரங்கில் அது மூச்சோடு உள்ளே போய் இரத்தத்தில் கலக்கும். சுடும் இடத்தில் சாப்பிடக் கூடாது, கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது, போட்டிருந்த சட்டையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர் வகுப்பையே தள்ளிப்போடுவது நல்லது.

பிறகு செலவு. சமீப ஆண்டுகளில் 9 மி.மீ. பயிற்சித் தோட்டா ஒன்று கால் டாலருக்குச் சற்று மேலும் கீழுமாகப் போகிறது. அப்படியென்றால் ஆயிரம் தோட்டாவுக்கு 250 டாலர் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஐந்து நாள் முகாமுக்கு விமானம், வாடகைக் கார், விடுதி, ஐந்து நாள் விடுப்பு எல்லாம் கூடும். கட்டணம் மட்டுமே செலவு என்று நினைத்தவருக்கு மொத்தக் கணக்கு அதிர்ச்சி தரும்.

பிரித்துப் படிப்பதன் லாபம்

ஐந்து நாளைச் சேர்த்துப் படிப்பதா, ஐந்து தனித்தனி நாள்களாகப் பிரிப்பதா? இதற்குத் துணைவரும் ஆய்வு துப்பாக்கிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் நடந்தது. பிரிட்டிஷ் தபால் துறையில் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை கற்பித்ததை ஆராய்ந்து, முடிவை உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978-இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகிய குழு, நாளுக்கு நான்கு மணி நேரம் பழகிய குழுவைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்தில் அதே திறமையை அடைந்தது. ஆனால் பயிற்சி முறை பற்றிக் கேட்டபோது அதிருப்தி மிகுந்திருந்தது அந்த ஒரு மணி நேரக் குழுவில்தான். நாள்கள் இழுத்துக்கொண்டே போவதுபோல அவர்களுக்குத் தோன்றியது.

பெரிய முகாமிலிருந்து திரும்புபவர் முகத்தில் தெரியும் பூரிப்பையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். ஐந்தாம் நாள் மாலை கை தங்குதடையின்றி ஓடும். அந்த ஓட்டம் ஆறு வாரம் கழித்தும் இருக்குமா என்பதுதான் கேள்வி. தொடக்கநிலையில் ஒரு நாள் வகுப்பு, இரண்டு மாதம் வீட்டுப்பழக்கம், மீண்டும் ஒரு நாள் வகுப்பு என்ற வரிசை, அதே பணத்துக்கு அதிகம் தரும். நீண்ட முகாமில் கிடைக்கும் சில விஷயங்களைத் துண்டாக்க முடியாது என்பதும் உண்மை: இரவுப் பயிற்சி, களைப்பில் முடிவெடுப்பது, ஒரே பயிற்றுநர் உங்களைத் தொடர்ந்து பார்த்துத் திருத்துவது. அடிப்படை கைவந்த பின் அவற்றுக்காகப் போனால் பணம் வீண் போகாது.

வீட்டுப்பழக்கம் என்றால் தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகுவது, அதாவது டிரை ஃபயர். பழகும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. மேகசினையும் துப்பாக்கியின் தோட்டா அறையையும் கண்ணால் ஒரு முறை, விரலால் ஒரு முறை பாருங்கள். குண்டு ஊடுருவ முடியாத சுவரை நோக்கியே பழகுங்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லிப் பெட்டகத்தில் பூட்டுங்கள். “இன்னும் ஒன்றே ஒன்று” என்று திரும்ப எடுக்கும் நேரத்தில்தான் விபத்து நடக்கிறது. பாயின்ட் 22 துப்பாக்கிகள் பலவற்றை வெறுமையாக வெடிக்கவிட்டால் ஊசி பழுதாகும். கையேட்டைப் பாருங்கள், அல்லது போலித் தோட்டா போடுங்கள்.

யாருக்கு எது

இதுவரை சுட்டதே இல்லை, வாங்குவதா என்று முடிவாகவில்லை: நான்கு மணி நேரம். வகுப்புக்கு முன் துப்பாக்கி வாங்காதீர்கள். எந்த அளவு உங்கள் கைக்குப் பொருந்தும் என்று தெரிவதே அந்த வகுப்பின் பாதிப் பலன்.

வீட்டுப் பாதுகாப்புக்காக வாங்கிவிட்டீர்கள், வெளியே எடுத்துச் செல்ல எண்ணமில்லை: ஒரு நாள் வகுப்பு. இரண்டு, மூன்று மாதத்தில் இன்னொரு ஒரு நாள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வைக்கும் முறையைச் சொல்லித்தரும் வகுப்பாகப் பாருங்கள்.

வெளியே எடுத்துச் செல்லப் போகிறீர்கள்: மாநிலம் கேட்கும் உரிம வகுப்பு, அதற்கு மேல் உறைப் பயிற்சியுள்ள இரண்டு நாள் வகுப்பு. மாநிலம் எதுவுமே கேட்காவிட்டாலும் இதுதான் கீழ்வரம்பு. சட்டப்பாடத்தையும் தனியாகத் தேடிப் படியுங்கள்.

இரண்டு நாள் வகுப்பு முடித்து, ஒரு வருடமாக விடாமல் பழகுகிறீர்கள், உங்கள் தவறுகளை நீங்களே கண்டுபிடிக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டீர்கள்: நான்கு, ஐந்து நாள் முகாமுக்கு இதுவே நேரம்.

முன்பு இராணுவத்திலோ காவல்துறையிலோ இருந்தவர், ஆனால் பத்து வருடமாகத் தொடவில்லை: ஒரு நாள் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். பழைய பழக்கத்தில் எது மிச்சம், எது துரு என்று அந்த நாள் காட்டிவிடும். இலினாய் போன்ற மாநிலங்களில் முந்தைய பயிற்சிக்கு 8 மணி நேரம் வரை கழிவு கிடைக்கும். அது உரிமத்துக்கான சலுகைதான், கையின் துருவுக்குக் கழிவு கிடையாது.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

பயிற்றுநரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? எத்தனை தோட்டா? சுடும் நேரம் எவ்வளவு, உட்கார்ந்து கேட்கும் நேரம் எவ்வளவு? உறையிலிருந்து எடுப்பது உண்டா, அதற்கு எந்த வகை உறை வேண்டும்? உள்ளரங்கா, திறந்தவெளியா? காயம்பட்டால் இரத்தம் நிறுத்தும் உபகரணமும் அதைக் கையாளத் தெரிந்தவரும் தளத்தில் இருப்பார்களா? பாதியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு “உட்காரவைப்போம், பார்த்துக் கற்கலாம்” என்பவர் நல்லவர். “எல்லோரும் முடித்தே ஆகவேண்டும்” என்பவரை விட்டுவிடுங்கள்.

எதிர்கால வகுப்புகளுக்கு மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். ஆயுள் உறுப்பினர் திட்டங்களை ஆயிரக்கணக்கில் விற்ற பெரிய பள்ளி ஒன்று 2022-இல் திவால் மனு தாக்கல் செய்தது. ஒரு வகுப்புக்குக் கட்டுங்கள், முடித்துப் பாருங்கள், பிறகு அடுத்ததை யோசியுங்கள்.

அடுத்த வகுப்பு எப்போது

இதை முடிவு செய்ய ஒரு பொதுத் தேர்வு வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் மாநில உரிமத் தேர்வு 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளி, தேர்ச்சிக்கு 175. எளிய தேர்வுதான், அதனால்தான் அளவுகோலாக உதவும். வகுப்பு முடிந்த வாரத்தில் ஒரு முறை சுட்டுப் புள்ளியைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துச் சுடுதளத்துக்குப் போனதும், கையைச் சூடேற்றிக்கொள்ளாமல் முதல் 50 தோட்டாவை அதே தேர்வுக்குச் செலவிடுங்கள்.

புள்ளி அப்படியே இருந்தாலோ ஏறியிருந்தாலோ, கற்றதைக் கட்டிக்காத்திருக்கிறீர்கள். ஒரு படி நீளமான வகுப்புக்குப் போகலாம். இறங்கியிருந்தால் நீளமான வகுப்பு அதைச் சரிசெய்யாது. முன்பு படித்த அதே அளவு வகுப்பை மீண்டும் எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்குங்கள். முதலில் வார நாள்காட்டியில் மூன்று பத்து நிமிடங்களை எழுதி வைத்துவிட்டுப் பிறகு வகுப்புக்குப் பதிவு செய்யுங்கள்.